‘மெசேஜ் செல்லாது’ என்னும் சட்டம் எங்கே இருக்கிறது?

தென்காசிக் கடைவீதியிலும் குற்றாலம் அருவிக்கரைக் கடைகளிலும் க்யூஆர் அட்டை இல்லாத கல்லாவைப் பார்ப்பது இன்று அரிது. சிப்ஸ் கடை, ரம்புட்டான் தட்டு, எண்ணெய்க் குளியல், சீசன் லாட்ஜ் என்று எல்லா இடத்திலும் பணம் வந்துவிட்டதை ஒரு பெட்டி சத்தமாகச் சொல்கிறது. அந்தப் பெட்டியையும் ஸ்வைப் மெஷினையும் கொண்டுவந்து வைப்பவர் கம்பெனியின் ஃபீல்டு ஆள். மாத வாடகை எவ்வளவு, எத்தனை மாதத்துக்கு வாடகை கிடையாது, பணம் எப்போது கணக்கில் விழும் என்பதையெல்லாம் அவர் வாயாலும் வாட்ஸ்அப்பிலும் சொல்வார். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சாரல் பொழியும் மூன்று மாதத்தில்தான் குற்றாலத்துக்காரர் ஆண்டு வருமானத்தின் பெரும்பகுதியைப் பார்க்கிறார். அந்த நேரத்தில் சொன்னதற்கு மாறாக வாடகை பிடிக்கப்பட்டாலோ பணம் நிறுத்தி வைக்கப்பட்டாலோ, அவர் செல்போனைத் திறந்து பழைய மெசேஜைக் காட்டுகிறார். உடனே வரும் பதில் ஏறக்குறைய எல்லா இடத்திலும் ஒன்றுதான்: “அண்ணாச்சி, வாட்ஸ்அப்புல வந்ததெல்லாம் கோர்ட்டுல நிக்காது. சுப்ரீம் கோர்ட்டே சொல்லிட்டுல்லா.” கம்பெனிக்காரர் சொல்வதில் ஆச்சரியமில்லை. ஆடிட்டரும் சொல்கிறார், சில வக்கீல்களும் சொல்கிறார்கள் என்பதுதான் சிக்கல். இந்தக் கருத்து சட்டப்படி தவறு. அதோடு, இதனால் வரும் நஷ்டம் எப்போதும் ஒரு பக்கத்துக்கே போகிறது: கையில் மெசேஜைத் தவிர வேறு எதுவும் இல்லாதவர் பக்கத்துக்கு.

சுப்ரீம் கோர்ட் சொன்னதாகச் சொல்லப்படுவது 2021 ஜூலை மாதத்துக் கதை. தெற்கு தில்லி மாநகராட்சியின் குப்பை அள்ளும் பணியை 2016இல் எடுத்த கூட்டமைப்பைச் சேர்ந்த ஏ2இசட் இன்ஃப்ராசர்வீசஸ், அதில் ஒரு பகுதியை குயிப்போ என்ற நிறுவனத்திடம் கொடுத்தது. மாநகராட்சியிடமிருந்து வரும் பணம் ஒரு எஸ்க்ரோ கணக்கில் விழுந்து, அங்கிருந்து அவரவர் பங்கு பிரிய வேண்டும் என்பது ஏற்பாடு. 2020இல் உறவு முறிந்தபோது, 8.18 கோடி ரூபாய் பற்றி ஏ2இசட் தரப்பே வாட்ஸ்அப்பில் ஒப்புக்கொண்டிருக்கிறது என்றது குயிப்போ. அந்த மெசேஜே பொய், இட்டுக்கட்டியது என்றது மறுதரப்பு. வழக்கு கல்கத்தா உயர் நீதிமன்றம் வழியாக தில்லி போனபோது, இந்தக் காலத்தில் வாட்ஸ்அப் மெசேஜுக்கு என்ன சாட்சி மதிப்பு, எதை வேண்டுமானாலும் உருவாக்கலாம், அழிக்கலாம் என்ற பொருளில் தலைமை நீதிபதி ரமணா தலைமையிலான அமர்வு விசாரணையின் நடுவே வாய்மொழியாகச் சொன்னது. அவ்வளவுதான். விசாரணையில் நீதிபதி வாய்விட்டுச் சொல்வது வேறு, தீர்ப்பில் காரணத்தோடு எழுதி வைக்கும் சட்ட விதி வேறு. முன்னதற்குக் கீழ்க் கோர்ட்டுகளைக் கட்டுப்படுத்தும் பலம் கிடையாது. மறுநாள் பத்திரிகைத் தலைப்பு மட்டும் ஊர் ஊராகப் போய்ச் சேர்ந்தது. நினைத்துப் பார்த்தால் வேடிக்கைதான்: வாட்ஸ்அப்பில் வந்ததை நம்பக்கூடாது என்ற செய்தியைப் பெரும்பாலானோர் நம்பியது வாட்ஸ்அப்பில் வந்ததால்.

அதே உச்ச நீதிமன்றம் அதற்கு ஒன்றரை ஆண்டு முன்பு, 2020 ஜனவரியில், அம்பாலால் சாராபாய் எண்டர்பிரைசஸ் வழக்கில் எழுதிய தீர்ப்பை யாரும் மேற்கோள் காட்டுவதில்லை. நில விற்பனைப் பேச்சு மின்னஞ்சலிலும் வாட்ஸ்அப்பிலும் நடந்திருந்தது. ஒப்பந்தம் முடிந்ததா, பேச்சோடு நின்றதா என்பது கேள்வி. வாட்ஸ்அப் மெசேஜ் என்பது நேரில் பேசிக்கொள்வதற்கு ஈடான தகவல் பரிமாற்றம், அதன் பொருளும் உள்ளடக்கமும் விசாரணையில் சாட்சி சொல்லியும் குறுக்கு விசாரணை செய்தும் நிரூபிக்கப்பட வேண்டியவை, மின்னஞ்சலையும் மெசேஜையும் சேர்த்துப் படித்துத்தான் ஒப்பந்தம் உண்டா என்று முடிவு செய்ய வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. அந்த வழக்கில் வாதி கேட்ட இடைக்காலத் தடை கடைசியில் நிலைக்கவில்லை. ஆனால் மெசேஜ் ‘செல்லாது’ என்று ஒதுக்கப்படவும் இல்லை. மெசேஜ் இருப்பதனாலேயே வெற்றி இல்லை என்பதையும், மெசேஜ் என்பதனாலேயே தோல்வி இல்லை என்பதையும் ஒரே தீர்ப்பில் பார்க்கலாம். புதிய கருவிக்கு இந்தியக் கோர்ட்டுகள் இடம் கொடுப்பதும் புதிதல்ல. பருத்திக்கொட்டைப் பிண்ணாக்கு வியாபாரம் ஒன்று 1959இல் காம்காவுக்கும் அகமதாபாதுக்கும் இடையே டிரங்க் காலில் பேசி முடிந்தது. அந்த பகவான்தாஸ் கேடியா வழக்கில் தொலைபேசிப் பேச்சால் ஒப்பந்தம் எந்த ஊரில் பிறந்தது என்பதைத்தான் 1965இல் உச்ச நீதிமன்றம் அலசியது. கையெழுத்து இல்லாத டெலிபோன் பேச்சு ஒப்பந்தம் ஆகுமா என்று யாரும் மலைத்து நிற்கவில்லை.

சட்டப் புத்தகமும் இதையே சொல்கிறது. மின்னணு வழியில் உருவானது என்ற ஒரே காரணத்துக்காக ஓர் ஒப்பந்தம் செல்லாமல் போகாது என்பது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 10ஏ பிரிவு. மின்னணுப் பதிவு என்ற காரணத்துக்காக மட்டும் ஒரு சாட்சியத்தை மறுக்கக் கூடாது என்பது 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதிநியத்தின் 61ஆம் பிரிவு. இதற்கு மேல் தெளிவாக நாடாளுமன்றம் எப்படிச் சொல்ல முடியும் என்று தெரியவில்லை.

இதில் கம்பெனித் தரப்பு சொல்லிக்கொள்ள விரும்பாத ஒன்று உண்டு. அந்தப் பெட்டியைக் கடையில் வைக்கும் நாளில் ஒப்பந்தம் எப்படி முடிகிறது என்பதைக் கொஞ்சம் கிட்ட நின்று பார்க்க வேண்டும். ஃபீல்டு ஆள் தன் செல்போனில் கடைக்காரரின் பெயர், ஆதார், பான், வங்கிக் கணக்கு எல்லாவற்றையும் ஏற்றுகிறார். பிறகு, “அண்ணாச்சி, ஒரு ஓடிபி வந்திருக்கும், சொல்லுங்க” என்கிறார். ஆறு இலக்கம் சொல்லப்படுகிறது. பல பக்க விதிமுறைகளைக் கடைக்காரர் ஏற்றுக்கொண்டதாக அந்த நொடியில் கணினியில் பதிவாகிறது. காகிதமும் இல்லை, கையெழுத்தும் இல்லை. கம்பெனி நாளைக்கு நடுவரிடமோ கோர்ட்டிலோ நீட்டப்போகும் ‘எழுத்து ஒப்பந்தம்’ ஓர் எஸ்எம்எஸ்ஸின் மேல் நிற்கிறது. அடுத்த மாதம் கட்டணம் மாறினால் அதைத் தெரிவிப்பதும் எஸ்எம்எஸ்ஸோ வாட்ஸ்அப் அறிவிப்போதான். சேவையைத் தொடர்ந்து பயன்படுத்தினால் மாற்றத்தை ஏற்றுக்கொண்டதாகக் கருதப்படும் என்று அடியில் ஒரு வரி இருக்கும். கட்டணத்தை ஏற்றும்போது செல்லும் மெசேஜ், கட்டணத்தைத் தள்ளுபடி செய்யும்போது மட்டும் செல்லாமல் போவது எந்தச் சட்டப்படி? மெசேஜுக்குச் சாட்சி மதிப்பே இல்லை என்று உண்மையாகவே வாதிடும் கம்பெனி, முதலில் தன் ஒப்பந்தத்தையே கைவிட வேண்டியிருக்கும்.

இதற்குக் கொஞ்சம் கனமான மறுப்பு ஒன்று உண்டு. நிபந்தனைகள் எழுத்தில் இருக்கும்போது, அதற்கு முரணாக வாய்ப்பேச்சைக் கொண்டுவர முடியாது என்பது பழைய சாட்சியச் சட்டத்தின் 92ஆம் பிரிவு, இன்றைய சட்டத்தில் 95. நல்ல விதிதான். எழுதியதை எல்லாம் ‘அப்படிப் பேசினோம், இப்படிப் பேசினோம்’ என்று கலைத்துவிட முடிந்தால் வியாபாரமே நடக்காது. ஆனால் அந்தப் பிரிவு தடுப்பது வாய்மொழி உடன்பாட்டை. செல்போனில் தட்டி அனுப்பியது எழுத்து, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 4ஆம் பிரிவும் அதை எழுத்தாகவே கொள்கிறது. 95ஆம் பிரிவுக்கே விலக்குகளும் உண்டு: ஏமாற்றி ஒப்பந்தம் வாங்கியிருந்தால் காட்டலாம், ஒப்பந்தம் பேசாமல் விட்ட விஷயத்தைக் காட்டலாம், பின்னால் செய்த தனி உடன்பாட்டைக் காட்டலாம். வரவேண்டியதை முழுதாகவோ பாதியாகவோ விட்டுக்கொடுக்க ஒப்பந்தச் சட்டத்தின் 63ஆம் பிரிவு அனுமதிக்கிறது, அதற்குப் பத்திரம் எழுத வேண்டியதில்லை. ‘இரு தரப்பும் கையெழுத்திட்ட எழுத்தால் மட்டுமே மாற்றலாம்’ என்று ஒரு விதி இருந்தால் கடைக்காரர் பாடு கொஞ்சம் கஷ்டம்தான், மறுப்பதற்கில்லை. அப்போதும் ஆறு மாதம் வாடகை பிடிக்காமல் இருந்துவிட்டு ஏழாவது மாதம் சேர்த்துப் பிடித்தால், அந்த ஆறு மாத நடத்தையே மெசேஜுக்குச் சாட்சி சொல்லும்.

சரி, மெசேஜ் அனுப்பியது கம்பெனி இல்லை, கமிஷனுக்கு ஓடும் ஒரு பையன், அவன் சொன்னதற்குக் கம்பெனி எப்படிப் பொறுப்பு என்பது அடுத்த வாதம். ஏஜெண்டுக்குக் கொடுக்காத அதிகாரத்தைக் கொடுத்திருப்பதாக மூன்றாம் ஆள் நம்பும்படி முதலாளி சொல்லாலோ செயலாலோ நடந்துகொண்டால், அந்தச் செயல் முதலாளியைக் கட்டும் என்பது 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 237ஆம் பிரிவு. கம்பெனிச் சட்டை, கம்பெனி அட்டை, கம்பெனி ஆப்பில் ஆளைச் சேர்க்கும் லாகின் இத்தனையும் கொடுத்து அனுப்பிவிட்டு, அவர் பேசிய விலை மட்டும் அவருடைய சொந்த விலை என்றால் எப்படி? ஆனாலும் எல்லையில்லாமல் இதை இழுக்க முடியாது. ‘வாழ்நாள் முழுக்க ஒரு பைசா கிடையாது’ என்று யாரோ அனுப்பியதை நியாயமான மனிதர் நம்பியிருப்பாரா என்று கோர்ட் கேட்கும், கேட்கத்தான் வேண்டும்.

மெசேஜ் ஒப்பந்தமே ஆகிவிடுமா என்று ஐயப்படுகிறவர்களுக்குக் கனடாவின் சஸ்காச்சுவானில் 2023இல் வந்த தீர்ப்பு பயன்படும். தானிய வியாபாரி ஒருவர் ஆளிவிதை ஒப்பந்தத்தைப் படம் பிடித்து ஒரு விவசாயிக்கு அனுப்பி, உறுதி செய்யச் சொன்னார். விவசாயி கட்டைவிரல் உயர்த்திய எமோஜியைத் திருப்பி அனுப்பினார். சரக்கு வரவில்லை, விலை ஏறிவிட்டிருந்தது. கிடைத்தது என்று சொல்லத்தான் அந்த விரல், சம்மதம் என்பதற்கல்ல என்றார் விவசாயி. நீதிபதி பார்த்தது விரலை மட்டும் அல்ல. இதே இருவர் இதற்கு முன் ‘சரி’, ‘ஆமா’ என்ற ஒற்றைச் சொல் பதில்களாலேயே ஒப்பந்தம் முடித்து, சரக்கும் ஏற்றியிருந்தார்கள். அந்தப் பழக்கத்தின் வெளிச்சத்தில் அந்த எமோஜி சம்மதமாயிற்று. 82 ஆயிரம் கனடிய டாலருக்கு மேல் நஷ்டஈடு. மேல்முறையீட்டு நீதிமன்றமும் 2024 டிசம்பரில் அதை உறுதி செய்தது. பாவூர்சத்திரம் சந்தையிலிருந்து புளியரை தாண்டிக் கேரளத்துக்குக் காய்கறி லோடு அனுப்புகிறவருக்கு இதில் புதுமை எதுவும் தெரியாது. விலையும் மூட்டைக் கணக்கும் மெசேஜில் போகிறது, ‘ஓகே’ வருகிறது, லாரி கிளம்புகிறது. முன்மொழிந்த நிபந்தனையைச் செய்து காட்டுவதே சம்மதம் என்று நம் ஒப்பந்தச் சட்டத்தின் 8ஆம் பிரிவு ஒன்றரை நூற்றாண்டாகச் சொல்லிக்கொண்டிருக்கிறது.

எல்லாவற்றையும்விடப் பெரிதாகப் பேசப்படுவது போலி பயம். மெசேஜை எவனும் உருவாக்கலாம், ஸ்கிரீன்ஷாட்டை ஐந்து நிமிடத்தில் ஜோடிக்கலாம் என்கிறார்கள். உண்மைதான், பணம் போட்டதாகப் பொய்யான ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டிச் சரக்கு வாங்கிப் போகிறவர்களை எந்தக் கடைக்காரருக்கும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஆனால் ஸ்கிரீன்ஷாட் வேறு, மெசேஜ் வேறு. ஸ்கிரீன்ஷாட் என்பது மெசேஜின் புகைப்படம். அதன் தலையில் தெரிவது பெரும்பாலும் அனுப்பியவரின் எண் அல்ல, பெற்றவர் தன் செல்போனில் சேமித்து வைத்த பெயர். யாருடைய எண்ணுக்கும் நான் எந்தப் பெயரும் வைத்துக்கொள்ளலாம். செல்போனுக்குள் இருக்கும் உரையாடலோ எண்ணோடும் தேதியோடும் நேரத்தோடும், முன்னும் பின்னும் நூறு மெசேஜ்களோடும் இருக்கிறது. திருத்திய மெசேஜில் திருத்தப்பட்டது என்ற குறிப்பு நிற்கும், இருவருக்குமாக அழித்தால் அழித்த தடம் பொதுவாக நிற்கும். எதிராளி அழிக்காதவரை அவருடைய செல்போனிலும் அதே உரையாடல் இருந்தாக வேண்டும். பணம் சம்பந்தப்பட்ட மெசேஜுக்கு இன்னொரு துணையும் உண்டு: ‘இன்று 14,000 விடுகிறோம்’ என்ற மெசேஜுக்குப் பக்கத்தில், யுபிஐயின் 12 இலக்கக் குறிப்பு எண்ணோடு அதே தொகை வங்கிக் கணக்கில் வரவாகியிருக்கிறதா என்று பார்த்துவிடலாம். வங்கிப் பதிவின் சான்றளிக்கப்பட்ட நகலை 1891ஆம் ஆண்டின் வங்கியர் புத்தகச் சாட்சியச் சட்டம் முதல் நோக்கிலேயே ஏற்கிறது. இத்தனைக்கும் பொருந்தும்படி ஒரு பொய் மெசேஜைச் செய்வது, பின்தேதி போட்ட ஸ்டாம்ப் பேப்பரில் கடன் பத்திரம் எழுதுவதைவிடக் கடினம். போலிப் பத்திரப் பதிவு பெருகி, அதை ரத்து செய்யவே தமிழ்நாடு 2022இல் பதிவுச் சட்டத்தில் திருத்தம் கொண்டுவர வேண்டியிருந்தது. அதற்காகப் பத்திரமே செல்லாது என்று யாரும் சொல்லக் காணோம்.

கடைக்காரர் தானே எழுதிக்கொண்ட கணக்கையும் நம் சட்டம் இப்படித்தான் நடத்தி வந்திருக்கிறது. தொழில் நடைமுறையில் ஒழுங்காக எழுதி வந்த நாள்வழியும் பேரேடும் சாட்சியமாகும். ஆனால் அது ஒன்றை மட்டும் வைத்து இன்னொருவர் தலையில் கடனைக் கட்ட முடியாது. 1998இல் ஜெயின் ஹவாலா டைரி வழக்கில் உச்ச நீதிமன்றம் உதிரித் தாள்களைக் கணக்குப் புத்தகம் என்றே ஏற்க மறுத்தது. உள்ளே விடுவது ஒரு கேள்வி, எடை போடுவது இன்னொரு கேள்வி. ‘மெசேஜ் செல்லாது’ என்பவர்கள் இரண்டாவது கேள்விக்குரிய எச்சரிக்கையை எடுத்து முதல் கேள்வியின் வாசலில் பூட்டாகப் போடுகிறார்கள்.

வாசலில் உண்மையாகவே ஒரு பூட்டு இருக்கிறது, ஆனால் அது வேறு பூட்டு. மின்னணுப் பதிவின் நகலைத் தாக்கல் செய்தால் சான்றிதழ் வேண்டும் என்பது பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவு, இன்றைய சட்டத்தில் 63. அது கட்டாயமா என்பதில் உச்ச நீதிமன்றமே முன்னும் பின்னும் போய்வந்தது: 2005இல் வேண்டாம் என்றது, 2014இல் அன்வர் வழக்கில் கட்டாயம் என்றது, 2018இல் தளர்த்தியது, 2020 ஜூலையில் அர்ஜுன் பண்டிட்ராவ் வழக்கில் கட்டாயமே என்று முடித்தது. தில்லி உயர் நீதிமன்றம் 2024 ஜூலையில் டெல் நிறுவனம் காட்டிய வாட்ஸ்அப் ஸ்கிரீன்ஷாட்டை ஏற்காததற்கு ஒரு முக்கியக் காரணம், சான்றிதழ் இல்லை என்பது. அந்தத் தீர்ப்பையும் ‘செல்லாது’ பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். சான்றிதழ் இல்லாமல் செல்லாது என்று சொன்னால் சான்றிதழோடு செல்லும் என்றுதானே அர்த்தம்? புதிய சட்டத்தின் அட்டவணையில் அதற்குப் படிவமே இருக்கிறது. கருவியின் தயாரிப்பு, மாடல், நிறம், வரிசை எண், ஐஎம்இஐ, கோப்பின் ஹாஷ் மதிப்பு, அதை எந்த முறையில் எடுத்தது என்பதை எல்லாம் நிரப்ப வேண்டும். முதல் பகுதி தாக்கல் செய்பவர் கையெழுத்து, இரண்டாம் பகுதி நிபுணர் கையெழுத்து. இந்த நிபுணர் விஷயத்தில் குறை சொல்லத்தான் வேண்டும். யார் அந்த நிபுணர் என்பதில் வக்கீல்களுக்குள்ளேயே ஒருமித்த கருத்து இல்லை, 2019இல் தனி மாவட்டமான தென்காசியில் ஒரு சிறு கடைக்காரர் அவரைத் தேடிப் போக வேண்டும் என்பது சட்டம் எழுதியவர்கள் யோசிக்காத சுமை. ஆனால் அர்ஜுன் பண்டிட்ராவ் தீர்ப்பே ஒரு வழியையும் திறந்து வைத்தது. மூலக் கருவியையே கோர்ட்டில் கொண்டுவந்து, அதன் சொந்தக்காரர் கூண்டில் ஏறி இது என்னுடையது, நான் பயன்படுத்துவது என்று சொன்னால் சான்றிதழ் தேவையில்லை. செல்போன் சட்டைப் பைக்குள் அடங்கும் பொருள். சான்றிதழை முதலிலேயே தரத் தவறியிருந்தாலும் விசாரணை முடிவதற்குள் தரவிடலாம், எதிராளி வைத்திருக்கும் பதிவுக்கு அவரிடமிருந்தே சான்றிதழ் கேட்டுக் கோர்ட் உத்தரவிடலாம் என்பதும் அந்தத் தீர்ப்பில் உண்டு.

பல வழக்குகளில் இவ்வளவு தூரம் போகவே தேவைப்படாது. 3 லட்சம் ரூபாயும் அதற்கு மேலும் உள்ள வணிகத் தகராறு வணிக நீதிமன்றச் சட்டத்தின் கீழ் வரும். அங்கே எதிர்த்தரப்பு காட்டிய ஒவ்வோர் ஆவணத்தையும் ஏற்கிறேனா மறுக்கிறேனா என்று காரணத்தோடு சொல்லியாக வேண்டும், ‘மறுக்கிறேன்’ என்ற மொட்டை மறுப்பு மறுப்பாகவே கருதப்படாது. அது என் எண் இல்லை என்றோ அந்த வரியை நான் அனுப்பவில்லை என்றோ பொறுப்போடு எழுதிக் கொடுப்பது எளிதல்ல. ஒப்புக்கொண்டதை நிரூபிக்க வேண்டியதில்லை என்பது சாட்சியச் சட்டத்தின் பழைய பாடம். இனி, ஒப்பந்தத்தில் தகராறை நடுவரிடம்தான் கொண்டுபோக வேண்டும் என்ற விதி இருந்தால், சாட்சியச் சட்டம் நடுவரைக் கட்டுப்படுத்தாது என்று 1996ஆம் ஆண்டு நடுவர் சட்டத்தின் 19ஆம் பிரிவு நேராகவே சொல்கிறது. கம்பெனி தன் வசதிக்காக எழுதிய விதி, பெங்களூருவுக்கோ மும்பைக்கோ கடைக்காரரை அலைய விடும் விதி, இந்த ஒரு விஷயத்தில் அவருக்கு உதவுகிறது. ரிசர்வ் வங்கியின் ஒருங்கிணைந்த குறைதீர்ப்புத் திட்டத்துக்குள் வரும் நிறுவனமாக இருந்தால் அங்கே புகார் கொடுக்கக் கட்டணமும் இல்லை, வக்கீலும் வேண்டாம். முதலில் நிறுவனத்திடம் எழுதிக் கேட்டு 30 நாள் பதில் இல்லாமலோ திருப்தியில்லாமலோ போயிருக்க வேண்டும்.

இவ்வளவு சிறிய தொகைக்கு யார் மெனக்கெடுவார்கள் என்பது கடைசியாக வரும் கேள்வி. இது சட்டத்தைப் பற்றியதல்ல, சலிப்பைப் பற்றியது. மாதம் நூற்றுச் சொச்சம் வாடகை ஒரு கடைக்குச் சிறிது, வீதி முழுவதற்கும் சேர்த்துப் பார்த்தால் சிறிதல்ல. வீதியில் பத்துப் பேரிடம் ஒரே ஃபீல்டு ஆள் ஒரே வரியை அனுப்பியிருந்தால், பத்து செல்போன்களிலும் இருக்கும் அந்த ஒரே வரியைக் கட்டிய கதை என்று தள்ளுவது எளிதும் அல்ல. ஒப்பந்தப்படி வரவேண்டிய பணத்துக்கு வழக்குப் போடப் பொதுவாக மூன்று ஆண்டு அவகாசம் உண்டு. அந்த மூன்று ஆண்டுக்குள் மெசேஜைக் கொல்வது பெரும்பாலும் கோர்ட் அல்ல. தானாக மறையும்படி வைத்த அமைப்பு 24 மணி நேரத்திலோ 7 நாளிலோ 90 நாளிலோ கொல்கிறது, இடம் போதவில்லை என்று மொத்தமாக அழிக்கும் விரல் கொல்கிறது, தீபாவளிக்குப் பழைய செல்போனை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துப் புதிது வாங்கும்போது பேக்கப் எடுக்காமல் விடுவது கொல்கிறது. பேக்கப் எடுத்துப் புதிய செல்போனில் ஏற்றினால் மெசேஜ் பிழைக்கும், ஆனால் மெசேஜ் முதலில் வந்திறங்கிய கருவி இதுதானா என்று எதிர்த்தரப்பு வக்கீல் குறுக்கு விசாரணையில் கேட்கும் கேள்விக்கும் சேர்த்துப் பதில் சொல்ல வேண்டியிருக்கும். பழையதை விற்காமல் மேசை இழுப்பறையில் போட்டு வைத்திருந்தால் அந்தக் கேள்வியே எழாது.